ஒரு அங்குலப் பலகை

அத்தியாயம் 11

ஜீவாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இரவு முழுதாகக் கழிந்துவிட்டது.

போலீஸ் கோடாலிகளைத் தேடித்தான் ஊருக்குள் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிய முதல் நாளே கள்ளக்குறிச்சி ரோட்டில் பதினோரு புளியமரங்கள் குறுக்கே சாய்ந்திருந்தன. வெட்டியது யார் என்று கண்டுபிடிக்க, கோமுகி அணைக்குக் கீழே இருக்கிற ஊர்களில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன இருசப்பனின் வீட்டில் கோடாலி அகப்படவில்லை. நெல் குதிருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. திறந்தால் பச்சை வெல்வெட் துணிக்குள் ஒரு கைத்துப்பாக்கி.

"எங்க அப்பாவுக்கு ஒரு வெள்ளக்காரத் தொர குடுத்த காத்துத் துப்பாக்கிங்க அது. குருவி கூட சாவாது" என்று இருசப்பனின் மகள் அருள்மொழி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை அவள் தம்பி ஜீவா. அவனை ஏற்றிக்கொண்டார்கள்.

"மறியலுக்குப் போனவன்லாம் வூட்டுல கெடக்குறான். போவாத நான் ஜீப்புல போறேன்" என்று அவன் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

மறியலுக்குப் போகாததற்குக் காரணம் இருந்தது. பஸ் கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் சேர வேண்டும். அதற்குள் போலீஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கியாக வேண்டும். சான்று கொடுக்க வேண்டிய அதே ஸ்டேஷனில்தான் இப்போது அவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அருள்மொழி விடிந்ததும் சைக்கிளை வெளியே எடுத்தாள். இருபத்தேழு வயது. ஊர்ப் பால் சங்கத்தில் பால் டெஸ்ட் பார்க்கிற வேலை. மூன்று நாளாக வண்டி வராததால் சங்கத்து கேன்களில் பால் திரிந்து, வாசலில் நிற்கவே முடியாமல் புளித்த நாற்றம் அடித்தது. பால் ஊற்றியவர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். மரத்தை அவளா வெட்டினாள்?

"எங்க போற?" என்றாள் ராஜாம்பாள், அவள் அம்மா. கையில் தூக்குச் சட்டி.

"கள்ளக்குறிச்சிக்கு. துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவர் ஒருத்தர் இருக்காராம். அவரு வந்து சொன்னாதான் நம்புவாங்க."

"நான் டேசனுக்குப் போயி குந்திக்கினு இருக்கேன். நீ வர்ற வரிக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டு வாசலில் அவள் சித்தப்பா ஆதிமூலம் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இருசப்பனின் தம்பி. மூன்று மாதமாக அந்தப் பெட்டியில் தனக்கும் பாதி உண்டு என்று சண்டை பிடித்தவர். நேற்று போலீஸ் கேட்டபோது, "எனக்கும் அந்த வூட்டுக்கும் பேச்சே கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

"சித்தப்பா, கூட வர்றீங்களா?"

"எனக்குக் காலு வலி" என்று எச்சிலைத் துப்பினார்.

அவள் பெடலை மிதித்தாள்.

முதல் மரத்திலேயே இறங்க வேண்டியதாகிவிட்டது. மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஜீவாவோடு படித்தவர்கள்.

"யக்கா, ஜீவாவ வுட்டாங்களா?"

"வுடல."

"நாங்க ஒரு நூறு பேரு ஸ்டேஷனாண்ட வரட்டா?"

"நீங்க வந்தா அவன் வேல போச்சு. சைக்கிள தூக்கி அந்தப் பக்கம் வையுங்க, அது போதும்."

தூக்கி வைத்தார்கள். அடுத்த மரத்தில் வேறு ஆட்கள். அவர்கள் எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கால் மணி நேரம் விசாரித்தார்கள். மூன்றாவது மரத்தில் ஆளே இல்லை. அவளே தூக்கினாள். கிளையில் செயின் மாட்டிக் கழன்றுகொண்டது. கை முழுக்க மசி. பதினோராவது மரத்தைத் தாண்டும்போது சூரியன் உச்சியை நெருங்கியிருந்தது. ஒரு மணி நேர வழி நாலு மணி நேரம் பிடித்தது.

கள்ளக்குறிச்சியில் கடைத்தெரு முழுவதும் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வேடியப்பனின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. பின்பக்கம் வீடு. கதவைத் தட்டித் தட்டி அவள் முட்டி வலித்தது.

திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். போலீஸ் ஆயுதப் படையில் துப்பாக்கி பழுது பார்த்தவர். மேலதிகாரி ஒருவரோடு வாய்ச் சண்டையாகி, வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தமாக லைசென்ஸ் எடுத்துக் கடை வைத்திருந்தார். அவள் சொன்னதைக் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"நான் ஸ்டேஷன் படி ஏறுறதில்ல."

"ஒரு வார்த்த சொன்னா போதுங்க. இது காத்துத் துப்பாக்கிதான்னு."

"ஒரு வார்த்த சொல்லித்தான் என் வேலயே போச்சு. அதில்லாம டி.எஸ்.பி. ஐயாவோட வேட்டத் துப்பாக்கி உள்ள பிரிச்சிக் கெடக்குது. நாளைக்கு வாங்க வராரு. நீ போம்மா."

கதவு மூடிக்கொண்டே வந்தது. அருள்மொழி அதில் கை வைத்துத் தடுத்தாள்.

"பதினோரு மரம் தாண்டி வந்திருக்கேன். உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. நான் வேற ஆள பாக்குறேன்."

"எனக்கா தெரியல?" அவர் முகம் மாறியது. "குழாய் மேலயா, கீழயா?"

"மேல. பின்னாடி ஒரு கொக்கி இருக்குது. அத்த நீக்கினா குழாய் எழும்பி முன்னாடி மடங்கும். கெட்டியா அழுத்தணும்."

"புடி மரமா, ரப்பரா?"

"மரம். குறுக்கு நெடுக்கா கோடு போட்டிருக்கும்."

"எழுத்து எதுனா?"

"பர்மிங்காம்னு இங்கிலீஷ்ல. அதுக்கு முன்னாடி உள்ளது தேஞ்சி போச்சு. கீழ ஒரு நம்பர். நாப்பத்தொண்ணு."

"அதுக்கு முன்னாடி எதுனா நம்பர் இருக்கும். நல்லா பாத்தியா?"

"வெறும் நாப்பத்தொண்ணு."

வேடியப்பன் கதவை விட்டார். பிறகு உள்ளே போனார். வரும்போது சட்டை மாட்டியிருந்தார். ஒரு தோல்பை, ஒரு தகர டப்பா, கக்கத்தில் ஒரு சதுரப் பலகை. பலகை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

"உனக்காக வரல. அத்த ஒரு தடவ கையில புடிச்சிப் பாக்கணும். அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

திரும்பும்போது பதினோரு மரத்திலும் சைக்கிளோடு அந்த மொபெட்டையும் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மரத்திலும் அவர் மறியல்காரர்களிடம் ஏதாவது ஒன்று பேசி வம்பு வளர்த்தார். ஒவ்வொரு முறையும் அருள்மொழி கெஞ்சிச் சமாதானம் செய்தாள். ஆறாவது மரத்தருகே அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் இவர் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று அடக்கிக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தாள். தூக்குச் சட்டி மடியில். மூடி திறக்கப்படவே இல்லை.

"உள்ள வுடல" என்றாள்.

கொஞ்சம் தள்ளி ஆதிமூலமும் நின்றிருந்தார். கால்வலி எப்படியோ ஸ்டேஷன்வரை வர இடம் கொடுத்திருந்தது. "சும்மா, என்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு" என்று இழுத்தார்.

எஸ்.ஐ.க்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. கைத்துப்பாக்கியைப் பழனி என்ற கான்ஸ்டபிள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜீவா மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கறது இப்ப இருக்கிற நிலைமைல எவ்வளவு பெரிய கேஸ் தெரியுமா உனக்கு?" என்றார் எஸ்.ஐ. "மேல இருந்து நேத்து ராத்திரியே கேட்டுட்டாங்க. என்ன ஆயுதம் பிடிச்சீங்கன்னு."

"இது ஆயுதம் இல்லீங்க" என்று வேடியப்பன் முன்னால் வந்தார். தான் யார் என்று சொல்லிக்கொண்டார். எஸ்.ஐ. நாற்காலி காட்டவில்லை. அவரும் உட்காரவில்லை.

"சட்டத்துலயே இருக்குது சார். காத்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணுமா வேணாமான்னு பாக்க ஒரு சோதன உண்டு. அஞ்சு அடி தூரம், ஒரு அங்குலப் பலகை. குண்டு பலகைய தொளச்சி அந்தப் பக்கம் வரலன்னா வேணாம். உங்க கண்ணெதிர்ல சுட்டுக் காட்டறேன்."

எஸ்.ஐ. யோசித்தார். பிறகு கொல்லைப்பக்கம் கை காட்டினார்.

மதில் ஓரமாகப் பலகையை நிறுத்தினார்கள். வேடியப்பன் டப்பாவிலிருந்து பட்டாணியை விடச் சிறிய ஈயக் குண்டு ஒன்றை எடுத்தார். குழாயை மடக்கினார், குண்டைப் போட்டார், திருப்பிப் பூட்டினார். அஞ்சு அடி அளந்து நின்றார். ஜீவாவையும் வெளியே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள்.

விசையை இழுத்தார்.

படார் என்று ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. குழாய் முனையிலிருந்து நீலமாகப் புகை வந்தது.

எஸ்.ஐ.யின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

"புகை வருதே" என்றார். "காத்துக்குப் புகை வருமா?"

அருள்மொழி ஜீவாவைப் பார்த்தாள். அத்தனை மரத்தையும் தாண்டிப் போய், தம்பிக்கு எதிராகச் சாட்சியைத் தானே கூட்டி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

வேடியப்பன் துப்பாக்கியை மூக்கருகே வைத்து முகர்ந்தார். அவர் முகம் கோணியது.

"எவன்யா இதுல எண்ணெய ஊத்துனது?"

கான்ஸ்டபிள் பழனி தயங்கினார். "ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. கொஞ்சம் தாராளமா வுட்டேன்."

"தாராளமா. உள்ள ஸ்பிரிங்கு தள்ளுற வேகத்துல காத்து சூடாவும் சார். சூடான காத்துல எண்ணெ பட்டா பத்திக்கும். அந்தப் புகதான் இது, மருந்துப் புக இல்ல. டீசல் இஞ்சின் எப்படி ஓடுது? நெருப்பா வைக்கிறாங்க? இன்னும் அஞ்சு தடவ சுட்டா எண்ணெ தீந்துடும். பாருங்க."

சுட்டார். இரண்டாவது முறை சத்தம் குறைந்தது. மூன்றாவது முறை புகை ஒரு இழை. ஆறாவது முறை 'டப்' என்று, டப்பா மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான்.

பலகையை எடுத்து எஸ்.ஐ.யிடம் நீட்டினார். முன்பக்கம் புதிதாக ஆறு குழிகள். முதல் குண்டு கொஞ்சம் ஆழமாகவும் மற்றவை மேலாகவும் பதிந்திருந்தன. பின்பக்கம் ஒரு கீறலும் இல்லை.

எஸ்.ஐ. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஒரு கேஸ் கைநழுவிப் போன வருத்தமும், ஒரு வேலை குறைந்த நிம்மதியும் அதில் இருந்தன.

அத்தோடு வேடியப்பன் வாயை மூடியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். வலப்பக்கம் பார்த்தபோது மலர்ந்த முகம், இடப்பக்கம் திருப்பியதும் கறுத்துவிட்டது.

"இந்தப் பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேச்சது யாரு?"

பழனி இரண்டு கையையும் விரித்தார்.

"கேக்குறேன் இல்ல? எந்த முட்டாள்?"

"நான்தாங்க" என்றான் ஜீவா. "துரு புடிச்சிருந்துச்சு. விக்கணும்னா பளபளன்னு இருக்கணும்னு..."

"பளபளன்னு! டேய், அறுவது வருஷமா இருந்த நீலப் பூச்சுடா அது. இப்ப எவனாலயும் போட முடியாது. எழுத்தும் உன்னால தான் போச்சு. இந்த மாதிரி ஒண்ண நான் மெட்ராஸ்ல வேல கத்துக்கினப்போ ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். அதுக்குப் பொட்டி கெடையாது. இதுக்குப் பொட்டி இருக்குது, குண்டு டப்பா இருக்குது, தொடைக்கிற பிரஷ் கூட இருக்குது. ரெண்டு இலக்க நம்பரு, மொதமொதல்ல செஞ்ச நூத்துல ஒண்ணு. பழைய துப்பாக்கி சேக்குறவரு ஒருத்தரு எழும்பூர்ல இருக்காரு, கண்ண மூடிக்கினு இருவதாயிரம் குடுப்பாரு. நீ ஒரு உப்புத்தாள்ல எட்டாயிரத்த தேச்சி வுட்டுட்ட. இப்ப பன்னெண்டுதான்."

அருள்மொழி அவருக்குக் கண் காட்டினாள். காலால் மண்ணைத் தட்டினாள். இருமினாள். அவர் எதையும் கவனிக்கவில்லை.

எஸ்.ஐ. கவனித்தார்.

"உள்ள வாங்க" என்றார். குரல் திடீரென்று மென்மையாகிவிட்டது.

இந்த முறை நாற்காலி கிடைத்தது. பழனி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இதோ பாரும்மா. உன் தம்பி நல்ல பையன். வேலைக்குப் போகப் போறவன். எதுக்கு வீணா கேஸ்? இப்பவே கூட்டிட்டுப் போ. நன்னடத்தை சர்ட்டிபிகேட்டும் நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"ரொம்ப நன்றிங்க."

"இந்தச் சாமான் மட்டும் இங்க இருக்கட்டும். கலவர நேரம். வெளியில இருந்தா நல்லதில்ல. பத்திரமா இருக்கும்."

"சரிங்க. ரசீது குடுத்துடுங்க."

எஸ்.ஐ. சிரித்தார். "ரசீதுன்னு எழுதினா யாருகிட்ட எடுத்தோம்னு எழுதணும். உன் தம்பி பேரு ரெக்கார்டுல ஏறும். அப்புறம் சர்ட்டிபிகேட்டுல நான் என்னன்னு கையெழுத்துப் போடுறது? நீயே சொல்லு."

"யக்கா" என்றான் ஜீவா மூலையிலிருந்து. "வுடுக்கா. போயித் தொலையட்டும்."

விட்டுவிடலாம்தான். அருள்மொழிக்கும் உடம்பெல்லாம் வலித்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கூட இறங்கவில்லை. ஆனால் அவள் ஏழு வருடமாகப் பால் டெஸ்ட் பார்க்கிறவள். புத்தகத்தில் ஏறாத பாலைப் பிறகு யாரும் கொண்டுவந்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வூடு எங்க அம்மா பேருல இருக்குதுங்க" என்றாள். "பொட்டி வூட்டுல கெடச்சது. எங்க அம்மாகிட்ட எடுத்ததா எழுதுங்க. தம்பி அங்க நின்னுக்கினு இருந்தான், அவ்ளோதான். லைசென்சு தேவையில்லாத சாமானு, அதனால எங்க அம்மா மேலயும் கேஸ் வராது. நம்பரு, பொட்டி, டப்பா, பிரஷ்ஷு, வெல, எல்லாத்தையும் போட்டு ஒரு தாளு குடுங்க."

"என்னம்மா, சட்டம் பேசறியா?"

"இல்லீங்க. எனக்குப் பயமா இருக்குது, அதான்." அவள் வேடியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு வாய இப்ப பாத்தீங்க இல்ல? என்னால அடைக்க முடியல. நாளைக்கு டி.எஸ்.பி. ஐயா இவரு கடைக்குத் துப்பாக்கி வாங்க வராராம். இவரு அவருகிட்ட இந்த நாப்பத்தொண்ணாம் நம்பர பத்திப் பேசாம இருப்பாருன்னு நெனைக்கிறீங்களா?"

"அது எப்படிப் பேசாம இருக்கிறது? அவருக்கும் இதுல ஆச உண்டே" என்றார் வேடியப்பன், ஒன்றும் புரியாமல்.

எஸ்.ஐ.யின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் பழனியைப் பார்த்து, "தாள் எடு" என்றார்.

எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மதிப்பு என்ற இடத்தில் ஐந்நூறு என்று எழுதப் பார்த்தார்கள். வேடியப்பன் கத்தினார். பன்னிரண்டாயிரம் என்று எழுதினார்கள். 'அமைதி திரும்பியதும் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்' என்று கடைசி வரி. ராஜாம்பாளை உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். போட்டாள்.

சாட்சிக் கையெழுத்துக்கு வேடியப்பனோடு இன்னும் ஓர் ஆள் வேண்டும், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்றார் பழனி. வாசலில் நின்றிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர்தான்.

ஆதிமூலம் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மதிப்பு வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"பன்னெண்டாயிரமா?"

"கையெழுத்துப் போடுங்க சித்தப்பா."

"போடறேன், போடறேன். எங்க அண்ணன் பொட்டிக்கு நான் போடாம வேற யாரு போடறது?" என்றார். நேற்றுவரை பேச்சே இல்லாத வீடு.

வேடியப்பன் போகும்போது அருள்மொழியிடம் விடைபெறவில்லை. ஜீவாவின் முன்னால் போய் நின்றார். "இன்னொரு தடவ எதையாவது உப்புத்தாள் எடுத்துத் தேச்ச, நானே வந்து கேஸ் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உருட்டிக்கொண்டு போனார்.

மூவரும் ரோட்டில் நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. காலையில் முதல் மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வழியில் அவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். போராளி ஜீவா என்று ஒருவன் கூவினான். ஜீவா யார் முகத்தையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டி நடந்தான். வேலைக்காக மறியலை விட்டவன், மறியலுக்காகப் பிடிபட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"எட்டாயிரம்" என்றான் கொஞ்ச தூரம் போனதும். "ஒரு உப்புத்தாளு நாலணா."

"வுடுடா. வந்துட்ட இல்ல" என்றாள் அருள்மொழி. ரசீதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். நாள் முழுக்க ஓடியதில் கைக்கு வந்தது அந்த ஒரு தாள்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள சர்ட்டிபிகேட் வாங்கணும். அப்புறம் துப்பாக்கி வந்ததும் எழும்பூர்க்காரருக்கு ஒரு லெட்டர் போடலாம். சித்தப்பா பாதி கேப்பாரு. அத்த அப்போ பாத்துக்கலாம்."

ராஜாம்பாள் நின்றுவிட்டாள்.

"லெட்டர் போடாத" என்றாள்.

"ஏம்மா?"

"அது நம்பளுது இல்ல. உங்க சித்தப்பனுதும் இல்ல."

அருள்மொழியும் சைக்கிளை நிறுத்தினாள். "இன்னாம்மா சொல்ற? துரை அப்பாவுக்குக் குடுத்ததுதானே?"

"தொர குடுத்தது உங்க அப்பாவுக்கு இல்ல. தொர கூட வேட்டைக்கு வழி காட்டப் போவாரு ஒருத்தரு, சின்னராசுன்னு, வெள்ளிமலைக்கு அந்தாண்ட. தொர கரடி கையில மாட்டிக்கினப்போ தூக்கியாந்து உசுர காப்பாத்துனது அவருதான். அவருக்குக் குடுத்துட்டுப் போனாரு. அப்போ மலையில துப்பாக்கி எதைக் கண்டாலும் பாரஸ்ட்டுக்காரங்க புடுங்கிக்கினு போயிடுவாங்க. கொஞ்ச நாள் கீழ வச்சிருன்னு உங்க அப்பாகிட்ட குடுத்தாரு. அப்புறம் சின்னராசு செத்துப் போயிட்டாரு. உங்க அப்பா கொண்டு போயிக் குடுக்கல. குடுக்கணும் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்துட்டு அவரும் போயிட்டாரு."

"அங்க யாரு இருக்காங்க இப்ப?"

"அவரு பொண்ணு ஒண்ணு இருக்குது. கமலான்னு பேரு. போன சித்திரையில சந்தையில பாத்தேன். தலையில வெறகுக் கட்டு. என்ன அடையாளம் தெரியல அதுக்கு. எனக்குத் தெரிஞ்சிச்சு."

ஜீவா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

"ஏம்மா" என்றாள் அருள்மொழி. "ஏம்மா இத்த நீ காலையில சொல்லல? இருவத்திரண்டு மரம் ஏறி எறங்கியிருக்கேன். அந்த ஆளுகிட்ட எங்களுதுன்னு வாதாடி உன்ன கையெழுத்துப் போட வச்சிருக்கேன்."

"காலையில சொல்லியிருந்தா, அங்க போயி எங்களுதுன்னு உனக்கு வாய் வந்திருக்குமா?" என்றாள் ராஜாம்பாள். "எனக்கு எம் புள்ள வெளிய வரணும். வந்துட்டான். இப்ப சொல்றேன்."

அம்மா தூக்குச் சட்டியை முதல் முறையாகத் திறந்தாள். சோறு கெட்டுப்போயிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, ரோட்டோரத்தில் கவிழ்த்து, சட்டியைத் தட்டினாள்.

பின்னால் யாரோ அவசரமாக நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஆதிமூலம். இரண்டு காலும் நன்றாகவே வேலை செய்தன.

"அருளு, நில்லும்மா" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். "அந்த ரசீத என்கிட்ட குடு. பொம்பளைங்ககிட்ட இருந்தா தொலஞ்சி போவும். நான் பத்திரமா வச்சிருக்கேன்."

ஜீவா எழுந்தான். ராஜாம்பாள் மகளைப் பார்த்தாள். அருள்மொழி சைக்கிளைத் திருப்பி, சித்தப்பா வருகிற வழிக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"சித்தப்பா, நாளைக்கு நான் மலைக்குப் போறேன்" என்றாள். "உங்களுக்குப் பாதி வேணும்னா நீங்களும் வாங்க. அங்க ஒருத்தங்கள கேட்டுட்டு வரலாம்."